பயணம் எந்த ஊரில் முடிந்தது? – வாசகர் கேள்வி, பதில்

சேலத்துப் பள்ளியொன்றில் 31 ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் வசிக்கும் நம் கட்டுரையாளர், பொங்கல் முடிந்த வாரத்தில் ஏற்காடு எக்ஸ்பிரசில் சென்னைக்குப் போய், அங்கிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறி, பிறகு தாய்லாந்து, லாவோஸ், சீனா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று தரைவழியாகவே சென்று, 117ஆம் நாள் ஊர் திரும்பிய கதையை நம் இதழில் தொடராக எழுதினார். தொடர் சென்ற இதழோடு நிறைவடைந்தது. "முடிவைப் பற்றி இரண்டே பத்திதானா?" என்று குறைப்பட்டு வந்த கடிதங்களே அதிகம் என்பதால், அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறார். கேட்டவர்களின் பெயரை விட்டு, ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

அம்மாபேட்டை வாசகி: சேலம் ஜங்ஷனில் இறங்கியதோடு தொடரை முடித்துவிட்டீர்கள். பயணம் முடிந்துவிட்டது என்று உண்மையில் எந்த நிமிடத்தில் தோன்றியது, டீச்சர்?

ஜங்ஷனில் எதுவும் தோன்றவில்லை. டெல்லியிலிருந்து கேரளா எக்ஸ்பிரசில் இரண்டு இரவுகள் உட்கார்ந்தும் படுத்தும் வந்தவளுக்கு, இறங்கியபோது இருந்த ஒரே யோசனை, முதுகுப் பையின் பிய்ந்த வாரை எங்கே கொடுத்துத் தைப்பது என்பதுதான். ஏற்காட்டுப் பேருந்து அடிவாரத்தைத் தாண்டியதும் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். மே மாதக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் வரிசை கட்டி நின்றன. பக்கத்து இருக்கைப் பையன் நான்காவது வளைவிலேயே வாந்தி எடுத்தான். கலங்குவதற்கு நேரம் கிடைக்கவில்லை. மேலே போய் இறங்கி நின்றவுடன், பெரிய பையைப் பார்த்துவிட்டு ஓர் இளைஞர் ஓடி வந்து, "ரூம் வேணுங்களா மேடம்? ஏரி தெரியிற மாதிரி இருக்குதுங்க" என்றார். நான்கு மாதமாக ஒவ்வோர் ஊரின் வாசலிலும் ஏதோ ஒரு மொழியில் கேட்ட அதே கேள்வி. பழக்க தோஷத்தில் வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். அவர் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். குறைத்துக் கேட்க வாயைத் திறந்த பிறகுதான், என் வீடு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறது என்பது உறைத்தது.

இருந்தாலும் நீங்கள் கேட்கும் நிமிடம் அதுவும் அல்ல. இரவு ரயில்களில் படுக்கும்போது பையின் வாரைக் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது என் வழக்கம். யாராவது இழுத்தால் விழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு விழிப்பு வரும், வலது கால் தானாக நகர்ந்து அந்த வாரைத் தேடும், அது இல்லை என்றதும் நெஞ்சு படபடக்கும். பத்தொன்பது இரவுகள் இப்படிப் போயின. இருபதாம் நாள் காலையில், பால்காரரின் வண்டி ஒலி கேட்டு எழுந்து, பால் வாங்கி, காபி போட்டுக் குடித்து முடித்த பிறகுதான், நேற்றிரவு கால் எதையும் தேடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பாதி மகிழ்ச்சியும் பாதி ஏமாற்றமுமாக இருந்தது. உங்கள் கேள்விக்கு அந்தக் காலையைத்தான் பதிலாகச் சொல்வேன்.

அஸ்தம்பட்டி வாசகர்: முதல் கட்டுரையில் ஏரல் கடலைப் பார்ப்பதுதான் இலக்கு என்று எழுதினீர்கள். கடைசியில் உஸ்பெகிஸ்தானின் புகாராவிலிருந்தே திரும்பிவிட்டீர்கள். உடல்நலக் குறைவா, பணப் பற்றாக்குறையா, வேறு ஏதாவதா? மழுப்பாமல் எழுதவும்.

மழுப்பியது உண்மைதான். "சில காரணங்களால்" என்று இரண்டே சொல்லில் அதைத் தாண்டிவிட்டேன்.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆசியாவின் வெற்று வரைபடத்தைக் கொடுத்து, காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே இருக்கும் ஏரல் கடலுக்கு நீலம் அடிக்கச் சொல்வேன். 1960இல் அது ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, உலகின் நான்காவது பெரிய ஏரி. அதில் வந்து விழுந்த ஆமு தரியா, சிர் தரியா என்னும் இரண்டு ஆறுகளின் நீரையும் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதால், நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அது வற்றிச் சுருங்கிக்கொண்டிருந்தது. மீன்பிடித் துறைமுகமாக இருந்த மொய்னாக் என்னும் ஊரில் இன்று கப்பல்கள் மணலில் நிற்கின்றன. தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. ஓய்வு பெற்ற நாளிலிருந்தே அந்த மணலில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். புகாராவிலிருந்து நுகுஸ் நகருக்கு ரயில் சீட்டு வாங்கியாகிவிட்டது. நுகுசிலிருந்து மொய்னாக் இன்னும் 200 கிலோமீட்டர்.

சீட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. புகாராவின் நடுவில் லியாபி ஹவுஸ் என்னும் பழைய குளம் ஒன்று இருக்கிறது. நம் கோயில் குளங்களைப் போலவே நான்கு புறமும் கல்படி. கரையில் 1477இல் நட்டவை என்று சொல்லப்படும் மல்பெரி மரங்கள். அவற்றில் சில பட்டுப்போய் வெறும் அடிமரமாக நிற்கின்றன, பக்கத்திலுள்ள இளைய மரங்களிலிருந்து பழுத்த வெள்ளைப் பழங்கள் படியில் விழுந்து நசுங்கி ஈ மொய்த்துக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி முல்லா நஸ்ருதீன் கழுதைமேல் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் இந்த நகரத்தில் இப்படிப் பல குளங்கள் இருந்தனவாம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நரம்புச் சிலந்தி நோய் வந்ததால், சோவியத் காலத்தில் பெரும்பாலானவற்றை வற்றடித்து மூடிவிட்டார்கள். நரம்புச் சிலந்தி என்றதும் எனக்கு என் பாட்டியின் இடது காலில் இருந்த நீண்ட தழும்பு நினைவுக்கு வந்தது. படிக்கிணற்றுத் தண்ணீரால் வந்தது அது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996இல்.

இதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதவில்லை. அப்போதுதான் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். எட்டு நாட்களாக ஒரு வரிகூட இல்லை. சமர்கந்தில் ரெகிஸ்தான் சதுக்கத்தில், 1420இல் கட்டி முடித்த உலுக் பெக் மதரசாவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, தங்கியிருந்த அறையில் மாலையில் வெந்நீர் வருமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தாஷ்கண்டிலிருந்து வந்த அதிவேக ரயில் சிர் தரியாவைச் சில நொடிகளில் தாண்டியது. எந்த ஆற்றின் பெயரை 31 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினேனோ, அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். கண் பார்த்தது, ஆள் பார்க்கவில்லை. இந்த நிலையில் மொய்னாக்குக்குப் போயிருந்தால், மணலில் நிற்கும் கப்பலோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பேன். அந்த இடத்துக்கு அப்படிப் போக மனம் ஒப்பவில்லை.

பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்று புகாரா வட்டாரத்து வயல்களுக்குப் பெரும்பாலும் தண்ணீர் தருவது ஆமு தரியாவிலிருந்து வெட்டிய ஆமு–புகாரா கால்வாய். நான் தேடிப் போன கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர், நான் தினமும் ரொட்டியோடு தின்ற வெள்ளரியிலும் தக்காளியிலும் இருந்தது. மேட்டூர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த, திருமணிமுத்தாறு சாக்கடையாக ஓடுவதை ஐம்பது ஆண்டுகளாக மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போன ஒரு சேலத்துக்காரி, வற்றிய கடலின் கரையில் நின்று யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை.

புகாராவுக்கும் நமக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே இரவு எட்டு என்றால் இங்கே எட்டரை. பயணம் தொடங்கியபோது மலேசியாவில் இரண்டரை மணி நேரம் முன்னால் இருந்தவள், மெல்ல மெல்ல ஊரின் நேரத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன். அன்றிரவு டெல்லிக்கு விமானச் சீட்டு வாங்கினேன். நுகுஸ் சீட்டு பாஸ்போர்ட் பெயரில் இருந்ததால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. இன்னும் என் பையில்தான் இருக்கிறது. வருத்தம் உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். உண்டு. மழை பெய்யும் இரவுகளில் அதிகம் உண்டு.

சூரமங்கலம், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்: பல நாட்டு ரயில்களில் போயிருக்கிறீர்கள். ஒரு ரயில்காரனுக்குச் சொல்வதாக இருந்தால் எதைச் சொல்வீர்கள்?

தண்டவாளத்தின் அகலத்தைச் சொல்வேன், ஐயா. மலேசியாவும் தாய்லாந்தும் மீட்டர் கேஜ். அதாவது 1,000 மில்லிமீட்டர். லாவோசில் 2021 டிசம்பரில் திறந்த புதிய பாதையிலும் சீனாவில் நான் போன பாதைகளிலும் 1,435. கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் பழைய ரஷ்ய அளவான 1,520. டெல்லியில் இறங்கி நம் 1,676க்கு வந்தபோது, படுக்கை அகலமாக இருப்பதுபோல் தோன்றியது. அது அசதியின் மயக்கமாகவும் இருக்கலாம்.

சேலம்–விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் நானும் அதில் போயிருக்கிறேன். சன்னலோரம் உட்கார்ந்தால் புளியமரக் கிளை முகத்தில் படும்; அவ்வளவு நிதானம். மீட்டர் கேஜ் என்றாலே மெதுவாகத்தான் போகும் என்று நாம் பெருமூச்சு விட்டுக்கொண்டே பாதையை மாற்றினோம். மலேசியாவில் அதே ஒரு மீட்டர் அகலத்தில் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பிளாஸ்டிக் தம்ளரில் வாங்கிய தேநீர் சிந்தவில்லை. லாவோஸ் பாதையில் 75 சுரங்கங்கள். மலை தெரிவதற்குள் இருட்டு, இருட்டு பழகுவதற்குள் ஆறு என்று மாறி மாறி வரும். மார்ச் மாதம் அங்கே காடு எரித்து விதைக்கும் பருவம் ஆகையால், வெளிச்சத்தில் தெரிந்ததும் பெரும்பாலும் புகைதான்.

சீன எல்லையைக் கோர்காசில் பேருந்தில் கடந்தேன். அங்கே இரண்டு அகலமும் சந்திக்கின்றன. சீன வண்டியில் வந்த கண்டெய்னர்களைப் பளுதூக்கிகள் அப்படியே தூக்கிப் பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் வண்டியில் வைக்கின்றன. 85 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக அத்தனை எந்திரங்கள். சுங்க வரிசையில் நான்கு மணி நேரம் நின்றபோது இதை நினைத்துக்கொண்டேன். மனிதர்களைத் தூக்கி வைக்க அப்படி ஒரு பளுதூக்கி இல்லை. உங்களைப் போன்ற ஒருவர் உடன் இருந்திருந்தால் நேரம் நன்றாகப் போயிருக்கும்.

ஆத்தூர், மரவள்ளி விவசாயி: தாய்லாந்துக் குச்சிக்கிழங்கைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். திரும்பி வந்த பிறகு நம் ஊர்க் காட்டைப் பார்க்க எப்படி இருக்கிறது?

ஒரு வரி குறைவுதான், மன்னிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து வடகிழக்கே நக்கோன் ராச்சசீமா மாவட்டத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மரவள்ளி. மண்ணும் நம் மண்ணைப் போலவே சிவப்பு. கிழங்கு ஏற்றிய லாரிகள் ஆலை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தபோது, ஆத்தூர்ச் சாலையில் நிற்பதுபோலவே இருந்தது. ஆனால் அங்கே அதை வீட்டுப் பண்டமாக யாரும் பேசக் கேட்கவில்லை. சீவல், மாவு என்று பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. மரவள்ளிப் பொருள் ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம் தாய்லாந்துக்குத்தான், பெரிய வாடிக்கை சீனா.

நம் வட்டாரத்தில் அது ஜவ்வரிசியாகிறது. ஈரமாவை உருட்டி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் காயவைத்திருக்கும் அந்த வெள்ளையைச் சிறு வயதில் உப்பு என்று நினைத்து வாயில் போட்டிருக்கிறேன். இது எங்கே போகிறது என்று பாடத்தில் சொல்லிக் கொடுத்தேனே தவிர, போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்ததில்லை. திரும்பி வரும் ரயிலில் நாக்பூரில் ஏறிய ஒரு குடும்பம், அன்று ஏகாதசி என்று சொல்லி, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து ஜவ்வரிசிக் கிச்சடியை எடுத்தார்கள். நிலக்கடலைப் பொடியும் பச்சை மிளகாயும் போட்டு உதிரி உதிரியாக இருந்தது. எனக்கும் ஒரு கரண்டி வைத்தார்கள். "இது எங்கள் மாவட்டத்திலிருந்து வருவது" என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அந்த அம்மாள் நம்பவில்லை; கடையிலிருந்து வருகிறது என்று சிரித்தார். பாக்கெட்டில் சேலம் என்று போட்டிருக்கும், பாருங்கள் என்றேன். பாக்கெட் வீட்டில் இருந்ததால் வழக்கு அப்படியே நின்றுவிட்டது.

நான்கு மாதத்தில் எத்தனையோ பேர் உணவு கொடுத்திருக்கிறார்கள். ஊர் நெருங்குகிறது என்று முதலில் தோன்றியது அந்தக் கரண்டிக் கிச்சடியில்தான்.

எடப்பாடி, தமிழாசிரியர்: பயணத்தில் தமிழ் எங்கெல்லாம் கேட்டது? எங்கே நின்றது?

பினாங்கில் தமிழ் கேட்டது என்று சொல்வதே தவறு. அங்கே தமிழில் வாழ்கிறார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும் கூட்டத்தில், சேலம் என்று சொன்னவுடன் "மாம்பழம் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார் ஒரு பாட்டி, தை மாதத்தில் மாம்பழத்துக்கு எங்கே போவது! பக்கத்துக் கெடா மாநிலந்தான் நம் இலக்கியம் சொல்லும் கடாரம். 1025இல் இராசேந்திர சோழன் படையெடுத்த இடம்.

தாய்லாந்தில் தமிழ் பேச்சாக இல்லை, எச்சமாக இருக்கிறது. தெற்கே தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் தமிழில் குறிப்பிடுகிறது. பாங்காக்கில் சிவப்பு வண்ணத்தில் வானுயர நிற்கும் பெரிய ஊஞ்சல், திரியம்பாவாய்–திரிபாவாய் என்னும் விழாவுக்காக முதன்முதலில் 1784இல் நட்டது. பெயரைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும், திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சலாட்டத்தை 1935இல் நிறுத்திவிட்டார்கள். அரசவை அந்தணர்கள் ஓதும் வழக்கம் மட்டும் நீடிக்கிறது. நான் போனபோது மார்கழி முடிந்துவிட்டது. ஊஞ்சலைச் சுற்றிப் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊஞ்சலின் நிழலில் நின்று "ஆதியும் அந்தமும் இல்லா" என்று நானே மெதுவாகச் சொல்லிக்கொண்டேன். ஒரு போலீஸ்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எழுபது நாட்களுக்கு மேல், நேரில் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு தமிழ்ச் சொல் காதில் விழவில்லை. சீனாவின் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு; ஆனால் அது கிழக்குக் கடற்கரை, என் பாதை மேற்கு நோக்கியது. தனியாக இருக்கும்போது தமிழில் வாய்விட்டுப் பேசும் பழக்கம் வந்தது. உப்பைத் தேடுகிறேன், செருப்பைக் காணோம் என்று சாதாரணப் பேச்சுத்தான். பிறகு புது டெல்லி நிலையத்து நடைமேடையில், முதுகுக்குப் பின்னால் ஒருவர் போனில் கத்தினார்: "மோட்டார நிறுத்துனியா இல்லையாடா? தொட்டி வழிஞ்சு தெருவுல ஓடப்போகுது!" எழுபது நாள் கழித்துக் கேட்ட முதல் தமிழ் அது. திரும்பிப் பார்த்து அவரிடம் ஏதாவது பேச வேண்டும் என்று தவித்தேன். அவர் மகனைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார். தமிழாசிரியராகிய உங்களுக்கு இன்னும் நயமான வரி ஒன்றைச் சொல்ல ஆசைதான், நடந்தது இதுதான்.

செவ்வாய்பேட்டை வாசகர்: மொத்தச் செலவு?

விமானம் இரண்டும் சேர்த்து நான்கு லட்சத்துப் பத்தாயிரம். ஓய்வூதியப் பலன்களிலிருந்து எடுத்தேன்; நகை எதையும் அடகு வைக்கவில்லை, அந்த வதந்தியைக் கிளப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும்.

இராசிபுரம் வாசகி: நானும் சில காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவள். வந்த பிறகு யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பதுதான் என் அனுபவம். உங்களுக்கும் அப்படியா?

அப்படியேதான், அம்மா. வந்தவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணினீங்க?" என்பது ஒன்று, "எந்த ஊர் ரொம்ப நல்லா இருந்துச்சு?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் நாத்தனார், சீனாவின் துன்ஹுவாங் பாலைவனத்தின் குகை ஓவியங்களைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி, குழாய் வரி கட்டக் கடைசித் தேதி போய்விட்டது என்றார். சில நாட்கள் கோபமாக இருந்தது. பிறகு, அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த நான்கு மாதங்களில் இங்கே ஒரு திருமணம் நடந்திருக்கிறது, ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, மூன்று தெருக்களில் புதிய குழாய் போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் எத்தனை பேரிடம் விசாரித்தேன்?

ஒன்றை மட்டும் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். எதிர் வீட்டுப் பாட்டி, நான் தினமும் மாலை நடக்கப் போகும்போது திண்ணையில் உட்கார்ந்து, "எங்க, ஏரிக்கா?" என்று கேட்பார். வேறு எங்கே போவேன் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்பார். கிளம்பிய அன்று பையோடு போனபோதும் அதையேதான் கேட்டார், நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். வந்த மறுநாள் மாலை திண்ணை காலியாக இருந்தது. தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் இறந்த அன்று நான் துன்ஹுவாங்கில் மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன். பயணத்தில் இருப்பவளைக் கலங்கவைக்க வேண்டாம் என்று எவரும் தகவல் சொல்லவில்லை.

ஏற்காடு, காப்பித் தோட்டத் தொழிலாளி: வழியெல்லாம் காபி குடித்ததாக எழுதினீர்கள். திரும்பி வந்து குடித்த முதல் காபி எப்படி?

காட்பாடி நிலையத்தில், காகிதக் கோப்பையில், பாதி ஆறிப்போய், சர்க்கரைப் பாகாக இருந்தது. மறுபேச்சின்றி இரண்டாவதும் வாங்கினேன். சீனாவின் யுன்னானில் இப்போது காபி நன்றாகவே விளைகிறது. பெரும்பாலும் கட்டிமோர் என்னும், இலைத்துரு நோயைத் தாங்கும் ரகம். அவர்கள் பாலில்லாமல் மெல்லியதாகத் தருகிறார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே கொண்டுவந்து வைத்த அரபிகாவை, சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடியோடு சேர்த்து வளர்த்துப் பழகிய உங்களுக்கு அந்த ருசி பிடிக்குமோ என்னவோ. எனக்கு டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை இல்லாத இடத்தில் காபி குடித்த திருப்தி வருவதில்லை.

தர்மபுரி வாசகர், வயது 62: நானும் மனைவியும் இதேபோல் போக நினைக்கிறோம். போவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எப்படி முடிப்பது என்று சொல்லுங்கள்.

நல்ல கேள்வி. இதை நான் கிளம்பும் முன் யாரிடமும் கேட்கவில்லை.

முதலாவதாக, நாட்களைக் குறையுங்கள். எனக்கு 117 நாள் அதிகம். எண்பது, எண்பத்தைந்தாவது நாளுக்கு மேல் பார்த்தவற்றில் பாதி நினைவில் ஒட்டவில்லை. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும். மிகவும் ஆசைப்பட்ட இடத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள். விருந்தில் பாயசத்துக்கு இடம் வைக்க மறந்தவளின் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவு அனுமதியின் கெடுவும் பயணத்தை விரட்டும். நான் போனபோது மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் விசா தேவைப்படவில்லை, கஜகஸ்தானில் 14 நாள் விசா இல்லாமல் இருக்க முடிந்தது, உஸ்பெகிஸ்தானுக்கு இணையத்திலேயே விசா கிடைத்தது. இவை அடிக்கடி மாறுபவை ஆதலால் கிளம்பும் வாரத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, திரும்பும் வழி. தாஷ்கண்டிலிருந்து டெல்லி வெறும் மூன்று மணி நேரம். நான்கு மாதமாக அங்குலம் அங்குலமாகப் போன தூரத்தை, தட்டில் வைத்த சாப்பாடு ஆறுவதற்குள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சன்னல் வழியே பனிமலை தெரிந்தது, பிறகு டெல்லியின் தூசி தெரிந்தது. நடுவில் எதுவும் இல்லை. அங்கிருந்து சேலத்துக்கும் விமானத்திலேயே வந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ரயிலின் அந்த இரண்டு இரவுகள்தான் என்னைச் சற்று இறக்கி வைத்தன. ஆகவே கடைசித் துண்டையாவது தரையில் வாருங்கள். வந்த பிறகு ஒரு வாரம் யாருக்கும் விருந்து வைக்காதீர்கள், படம் காட்டாதீர்கள். உங்கள் ஊரிலேயே பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. உஸ்பெகிஸ்தானில் மே மாதம் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளைப் பார்க்க நேர்ந்தால், இரண்டுக்கும் நடுவில் பேச உங்களுக்கு நிறைய இருக்கும். உங்கள் மனைவியிடம் பேசுங்கள். உடன் வந்தவர் ஒருவர் வீட்டிலேயே இருப்பது எனக்குக் கிடைக்காத வசதி.

முழங்கால் வலிக்கு ஒரு தைலம் போதும். நான் மூன்று கொண்டு போனேன்.

வாழப்பாடி, ஒன்பதாம் வகுப்பு மாணவி: டீச்சர், எங்கள் வகுப்பில் ஆசியா மேப் வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஏரல் கடலுக்கு இப்போது என்ன கலர் அடிப்பது?

கண்ணு, நீலப் பென்சிலை நன்றாகச் சீவிக்கொள், ஏனென்றால் நீலம் அடிக்க வேண்டிய இடம் இப்போது சிறியது. வடக்கே கஜகஸ்தான் பக்கத்தில் ஒரு சிறு ஏரி இருக்கிறது. 2005இல் கொக்கரால் என்ற இடத்தில் அணை கட்டியதால் அதில் தண்ணீர் ஏறி, மீனும் திரும்பி வந்திருக்கிறது. அதற்கு நீலம் அடி. மேற்கு ஓரத்தில் ஒல்லியாக ஒரு கீற்று, அதற்கும் நீலம். நடுவிலும் கிழக்கிலும் மீதியுள்ள பெரிய இடத்தை நீலம் அடிக்காமல் விட்டு, தவிட்டு நிறத்தில் புள்ளி புள்ளியாக வை. அது ஏரல்கும் என்னும் புதிய பாலைவனம். பழைய கரை எது என்று தெரிய, சுற்றி ஒரு விட்டுவிட்ட கோடு போட்டால் உன் ஆசிரியர் மகிழ்வார்.

உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பெரியவர் யாராவது பார்த்துவிட்டு, இது தப்பு, முழுவதும் நீலம் அடிக்க வேண்டும் என்று சொன்னால், அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேள். பெரும்பாலும் என் மாணவராக இருப்பார். நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்.